குஞ்சம் மட்டும் நம்முடையது

சுங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனிடம் யாராவது அயல்நாடுகளின் பொருளாதார இணைப்பைப் பற்றிப் பேசினால், அவன் முதலில் தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வான். நான் அப்படித்தான். பாலம் வருகிறது, கப்பல் வருகிறது, இலங்கையிலிருந்து இந்தியாவுக்குச் சுங்கத் தீர்வை இல்லாமல் சாமான் அனுப்பலாம் என்று கல்முனைத் தேநீர்க் கடைகளில் எல்லோரும் கதைத்தார்கள். தீர்வை நீங்கும், அது உண்மைதான். கூடவே, இன்ன துறைமுகத்தால் மட்டும் வா, இன்ன அளவுக்கு மேல் வராதே, இன்ன ஆய்வுகூடத்தில் காட்டு என்ற நிபந்தனைகளும் வரும். இரு நாட்டு ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் அமைச்சர்கள் கையெழுத்திட்டுச் சிரிப்பார்கள். கடைசிப் பக்கத்து அட்டவணைகளை சுங்கக்காரர்களான நாங்கள்தான் தயாரித்தோம். எங்களைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும்.

என் மருமகன் மருதமுனைக்காரர். எங்கள் பக்கத்து வழக்கப்படி, சாய்ந்தமருதில் நான் கட்டிய வீடு மகளுக்குப் போனது. மருமகன் அதில் குடிவந்தார், நான் பின்னறையில் விருந்தாளியானேன். மாமனும் மருமகனும் மரியாதை கருதி நேரே அதிகம் கதைப்பதில்லை. மகள்தான் இடையில் தபால்.

கட்டாரில் உழைத்ததைக் கொண்டு அவர் மருதமுனையில் சால்வை நெய்யும் மெசின் தறிகள் போட்டிருந்தார். உள்ளூரில் சால்வை அவ்வளவாகப் போகவில்லை. பழைய கட்டார் முதலாளி திரும்பி வரச் சொல்லி, இந்த மாதக் கடைசி வரை இடம் வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்து இந்தியாவிலிருந்து ஒரு வியாபாரி வந்து சேர்ந்தார். அவர் ஊரில் மேடை ஏறுகிறவர்களுக்கெல்லாம் சால்வை போர்த்துவார்களாம், ஆகவே சந்தை வற்றாதாம். இந்தக் கொள்வனவு சரிவந்தால் மருமகன் ஊரில் நிற்பார். சரிவராவிட்டால் விமானம்.

மகள் பின்னறை வாசலில் வந்து நின்றாள்.

"வாப்பா, உற்பத்தி நாட்டுச் சான்றிதழ் எடுக்க விண்ணப்பத்த நீங்க எழுதித் தருவீங்களா எண்டு அவரு கேக்கச் சொன்னாரு."

"நூல் எங்க இரிந்து வாற?"

உள்ளே போய்த் திரும்பி வந்தாள். "இந்தியாவில இரிந்து."

"சாயம்?"

"அதுவும்."

"தறி?"

"அதுவும்தான் வாப்பா."

"அப்ப நம்மட எண்டு என்னதான் இரிக்கி?"

கதவுக்குப் பின்னாலிருந்து மருமகனின் குரல் கேட்டது. "கரண்ட் பில் இரிக்கி எண்டு சொல்லு."

உண்மையில் சட்டம் அவர் பக்கம்தான் இருந்தது. அயல்நாட்டு நூலை வாங்கி இங்கே நெய்தால், அந்த நூலையும் நமது உழைப்போடு ஓரளவுக்குச் சேர்த்துக் கணக்கிட ஒப்பந்தம் இடம்கொடுக்கிறது. நேர்மையாக நெய்த சால்வைக்குச் சான்றிதழ் கிடைக்கும். எனக்கு இடறியது வேறு. நூலையும் தறியையும் நமக்கு விற்கிற நாடு, சால்வைக்கு ஏன் கடல் தாண்டி வர வேண்டும்? அங்கே தறிக்குப் பஞ்சமா?

இதை வியாபாரியிடமே கேட்பதென்று முடிவு செய்தேன். அவரோ வருவதும் சிரிப்பதும் தொலைபேசி அடித்ததென்று எழுந்து போவதுமாக இருந்தார். எனவே மகளிடம் சொல்லி அவரைப் பகல் சாப்பாட்டுக்கு அழைத்தேன். ஒரே சஹனில் மூவரும் உட்கார்ந்தோம். பெரிய வட்டத் தட்டில் சோறு, நடுவில் இறைச்சி, அவரவர் தன் முன்பக்கத்தில் கைவைக்க வேண்டும். சஹனில் ஒரு ஒழுங்கு உண்டு. கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை மற்றவர்கள் எழும்பக்கூடாது. உத்தியோக காலத்தில் இவ்வளவு வசதியான விசாரணை அறை எனக்கு வாய்த்ததில்லை.

நான் ஒவ்வொரு பிடியாக உருட்டினேன். மற்ற இருவரும் முடித்துவிட்டு, தட்டின் ஓரத்தில் விரலை வைத்தபடி காத்திருந்தார்கள்.

"சார் ரொம்ப மெதுவா சாப்பிடுறீங்க" என்றார் வியாபாரி.

"பல்லு சரியில்ல தம்பி." என் பற்களில் ஒரு குறையும் இல்லை. "மாசத்துக்கு எவ்வளவு எடுப்பீங்க?"

"முதல்ல ஒரு கண்டெய்னர். அப்புறம் கூட்டிக்கலாம்."

"மருமகன்ட தறியெல்லாம் ராப்பகலா ஓடினாலும் அவ்வளவு வராதே."

அவர் வாசலைப் பார்த்தார். என் முன்னால் இருந்த சோற்றைப் பார்த்தார். அது குறைவதாக இல்லை.

"தறி எதுக்கு சார்? கணக்குக் காட்டத்தான். துணி சீனாவிலேர்ந்து ரெடியா கொழும்புக்கு வந்துடும். பாய் இங்க குஞ்சம் கட்டி, லேபிள் தைச்சா போதும். நேரா எங்க ஊருக்குக் கொண்டு போனா வரி கொன்னுடும். உங்க ஊர்த் துணின்னு ஒரு சர்டிபிகேட் இருந்தா வரியே கிடையாது. எல்லாருக்கும் லாபம்."

மருமகன் நிமிர்ந்தார். இது அவருக்கும் புதுச் செய்தி என்பது முகத்தில் தெரிந்தது. தெரிந்தும் மறைத்தாரோ என்று ஒருதரம் உற்றுப் பார்த்தேன். இல்லை.

"மாமா, இது பிடிபடுமா?" மகளைக் கூப்பிடாமல் என்னையே கேட்டார்.

"நான் எழுதினா லேசில பிடிபடா."

திரைக்குப் பின்னால் மகளின் கோப்பைச் சத்தம் நின்றது.

"ஆனா ஒரு நாள் பிடிபட்டா, மறுகா நம்மட ஊருத் துணி எது போனாலும் அவிழ்த்துக் கொட்டிப் பாப்பாங்க. நான் அந்த மேசையில இரிந்தவன். ஒருத்தன் செஞ்சதுக்கு ஊருக்கே வரி போடுவம். அதனால எழுத மாட்டன்."

"யார் சார் பாக்கப் போறா?" என்றார் வியாபாரி. "ரெண்டு கவர்மெண்டும் கை குலுக்கியாச்சு. நாம அண்ணன் தம்பி மாதிரி."

"அண்ணன் தம்பிட காணி வழக்கு கல்முனைக் கோட்டில எத்தின கிடக்கு தெரியுமா தம்பி?"

மருமகன் சிரிக்காமல் வியாபாரியிடம் திரும்பினார். "பாய், நான் நெய்யிற சால்வைய எடுக்க ஏலுமா? கொஞ்சமா எண்டாலும் பறவாயில்ல."

வியாபாரி அந்த ஒரு கேள்விக்கு மட்டும் உண்மையாக வருத்தப்பட்டார் என்று நினைக்கிறேன். "கட்டாது பாய். எங்க பக்கம் அதைவிட சல்லிசா நெய்றாங்க."

"அப்ப வேணாம்."

நான் கடைசிப் பிடியை வாயில் வைத்துக் கையை எடுத்தேன். எல்லோரும் எழும்பினோம். வியாபாரி போகும்போது மருதமுனையில் வேறு யாரிடம் தறி இருக்கிறது என்று வாசலில் நின்றவர்களை விசாரித்ததும் என் காதில் விழுந்தது.

வாகனம் போனதும் மகள் சஹனை எடுக்க வந்தாள். "ஒரு தரம் எழுதிக் குடுத்திருக்கலாமே வாப்பா. அவரு நிண்டிருப்பாரு."

"ஓம்" என்றேன். எழுதியிருக்கலாம், அவர் நின்றிருப்பார். இரண்டும் சரி. அவள் என் முகத்தைப் பார்க்காமல் தட்டைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மருமகன் முற்றத்தில் நின்று கட்டாருக்கு அழைத்தார். அழைப்பு மெய்யாகவே போகிறதா என்று நான் காதைக் கொடுத்தேன். போயிற்று. பாதி அரபும் பாதி ஹிந்தியுமாக, மாதம் முடியுமுன் வருவதாகச் சொன்னார். சால்வைக்குத்தான் அத்தனை அட்டவணை. நெய்கிற ஆளை எந்த நாடும் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்கிறது.

தொலைபேசியைக் கையால் மூடிக்கொண்டு அவர் என் பக்கம் திரும்பினார். "சம்பளத்தக் கூட்டித் தாறன் எண்டு சொல்றான் மாமா. நம்பலாமா?"

"நம்பாதீங்க" என்றேன். "எழுதி அனுப்பச் சொல்லுங்க. நான் வாசிச்சுப் பாக்கிறன்."