பினாங்கில் ஒரு கொடிக்கயிறு

வெள்ளைக்காரர் காலத்து மாளிகை என்ற விளம்பரத்தை நம்பி, கொடைக்கானலில் மனைவியை வௌவால்களோடு தூங்கவைத்தவன் நான். எனக்குச் சரித்திரப் பைத்தியம். அதனால், பினாங்குத் தீவுக்குப் போக முடிவானதும் அவள் எச்சரித்தாள்: "இந்த ரூமும் சொதப்புச்சுன்னா, இனிமே எங்க அக்காவோடதான் ஊருக்குப் போவேன்."

மீமிசல் பஸ்ஸில், விடுதிகளாகிவிட்ட பழைய சீன வணிகர் வீடுகளைப் போனில் பார்த்துக் குழம்பிக்கொண்டிருந்தேன். முகத்தில் ஓர் ஈரத்துண்டு வந்து அறைந்தது. முன் சீட்டுக்காரர் ஜன்னல் கம்பியில் கட்டிக் காயவைத்திருந்தது. பருத்த மனிதர்; நெற்றியில் திருநீறுகூட இன்னும் காயவில்லை. பஸ் நிற்கும்போதெல்லாம் துண்டைத் தொட்டுப் பார்த்து, மாற்றிக் கட்டினார். வருத்தம் சொல்லத் திரும்பியவர் போனை எட்டிப் பார்த்தார்.

"வீடு வாங்குறீங்களா?"

"பினாங்குல தங்க ரூம் பார்க்குறேன். போயிருக்கீங்களா?"

"அங்கிட்டெல்லாம் நான் எங்கங்க."

ஆனாலும் போனை வாங்கிக்கொண்டார். செதுக்கு வேலைக் கதவுகள், பூப்போட்ட தரைகள் எல்லாவற்றையும் விரலால் தள்ளிவிட்டார். "துணி எங்க காயப்போடுவீங்க?"

கடைசி வீட்டு முற்றத்தின் ஓரமாக, ஒரு கயிற்றில் இரண்டு சட்டைகள் தொங்கின. "இங்கன தங்குங்க" என்றவர், துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டு, ஆவுடையார்கோவிலில் இறங்கிவிட்டார்.

அந்த வீட்டைத்தான் பதிவு செய்தேன். ஏன் அவரை நம்பினேன் என்று இன்றும் தெரியவில்லை. போய் இறங்கினால், நூறு வருடத் தூண்கள் இருந்தன, வௌவால்கள் இல்லை.

திரும்பியதும் மனைவியிடம் அவள் அக்கா போனில் விசாரித்தார்.

"நல்ல ஊருக்கா" என்றாள் இவள். "துணி சீக்கிரம் காயுது."