மாப்பிள்ளை அழைப்பும் இருநூற்றெண்பத்தெட்டு டிகிரியும்

ஈப்போவுக்குப் பக்கத்தில் கோப்பெங்கில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன், கார் எஞ்சினுக்கு வேகம் கூட்டப் போன என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தினமும் இந்தக் கார எங்க ஓட்டுற? உண்மைய சொல்லு லா."

"மலைப்பாதைலதான்ணே. கேமரன்மலை ஏறி இறங்குறது," என்றேன்.

பச்சைப் பொய். காலையில் மனைவியைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, ஈப்போ நெரிசலில் ஊர்ந்து ஆபீசுக்குப் போகிறவன் நான். ஆனால் எங்கள் கார் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் அதையெல்லாம் சொல்ல முடியுமா? எல்லாரும் தொப்பை விழுந்த குமாஸ்தாக்கள். பேச்சு மட்டும் எட்டாயிரம் ஆர்பிஎம்முக்குக் கீழே இறங்காது.

அண்ணன் இரண்டு கேம்ஷாஃப்டை எடுத்து வைத்தார். வால்வுகளைத் திறந்து மூடுகிற தண்டு அது. ஒன்று சாது, மெதுவாகப் போனாலும் இழுக்கும். மற்றது இருநூற்றெண்பத்தெட்டு டிகிரி; வால்வை ரொம்ப நேரம் திறந்தே வைத்திருக்கும், விரட்டினால்தான் உயிர் வரும். நான் எதை எடுத்திருப்பேன் என்று சொல்லவும் வேண்டுமா?

"இது ஜாம்ல செத்துப்போகும்டா. வால்வு தொறக்குற டைமிங்கயாவது நாலு டிகிரி முன்னாடி வெக்கிறேன், மெதுவா போறப்ப கொஞ்சம் இழுக்கும்."

"பின்னாடியே வைங்கண்ணே. விரட்டுனா பறக்கணும்."

என்ன திமிர் எனக்கு! அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு நான் சொன்னபடியே வைத்தார். அன்றிலிருந்து சிக்னலில் நின்றால் கார் குளிர்காய்ச்சல் வந்ததுபோல் உதறும். பின்னால் கரும்புகை கக்கும். அதை வீடியோ எடுத்துக் குழுவில் போட்டேன். ஆளாளுக்குக் கட்டைவிரல் தூக்கினார்கள்.

அடுத்த மாதம் தங்கச்சி கல்யாணம். மாப்பிள்ளையைக் கோவிலிலிருந்து மண்டபத்துக்கு அழைத்து வருவது பெண்ணின் அண்ணன் வேலை. அப்பாவும் இல்லை. "அண்ணே, நீயேதான் அவர கூட்டிட்டு வரணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்," என்றாள். மனைவி தன் சின்னக் காரை எடுக்கச் சொன்னாள். மாப்பிள்ளையை அந்த டப்பாவிலா ஏற்றுவது என்று நான் குதித்தேன்.

நாங்கள் பிறந்த எஸ்டேட்டில் இப்போது ரப்பரும் இல்லை, தொழிலாளர் குடியிருந்த லயமும் இல்லை. கோவில் மட்டும் இருக்கிறது. அங்கிருந்து மண்டபம் அரை மைல். முன்னால் நாதஸ்வரமும் மேளமும் நடக்கும். அந்த நடைவேகத்தில்தான் கார் போக வேண்டும். இத்தனை கல்யாணம் பார்த்த மடையனுக்கு அது நினைவில்லை. கல்யாணத்தன்று வழியில் மூன்று முறை எஞ்சின் நின்றது. நான்காவது முறை பெட்ரோலில் பிளக் நனைந்து, கிளம்பவே மாட்டேன் என்றது.

மாலையும் பட்டுவேட்டியுமாக மாப்பிள்ளை இறங்கினார். "ஐயோ, வேணாங்க!" என்று பதறினேன்.

"பரவால்ல மச்சான், நீங்க ஸ்டேரிங் பிடிங்க. நான் தள்றேன்."

மேளக்காரர்கள் வாசிப்பை நிறுத்தவே இல்லை. மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். டிக்கியில் படிந்திருந்த கரியெல்லாம் இப்போது அவர் கையில், வேட்டியில். சோப்புப் போட்டும் முழுதாகப் போகவில்லை. அந்தக் கையால்தான் தாலி கட்டினார். மஞ்சள் கயிற்றில் கறுப்பாக ஒரு விரல் தடம். அட்சதை தூவும்போது வெட்கத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. தங்கச்சி என் பக்கம் திரும்பவே இல்லை.

மறுவீட்டுக்கு அழைத்து வர எத்தனை மணிக்கு வரட்டும் என்று தங்கச்சியிடம் போனில் கேட்டேன்.

"நீ வர வேணாம்ணே. நாங்க டாக்சில வாரோம்."

மறுநாளே கோப்பெங் போனேன். அண்ணன் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

"பொண்டாட்டிய ஸ்கூல்ல விட்டுட்டு, ஆபீசுக்குத்தான் ஓட்டுறேன்ணே."