பிள்ளைப்பேற்று அறையைத் தின்றவர்கள்

ஊருக்காக நாற்பது வருசம் வீடு வீடாகக் கேட்டு வாங்கியவள் நான். எனக்காக ஒரு நாளும் கேட்டதில்லை. எழுத்து எனக்கு அரைகுறை. பெரிய எழுத்தென்றால் மெல்லக் கூட்டி வாசிப்பேன். ஆனால் எந்த வாசலில் எப்படிக் கேட்க வேண்டும் என்பதை யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

தொடங்கியது ஐம்பதுகளில். என் தங்கச்சி பிள்ளை வலியோடு கல்முனை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் மாட்டு வண்டியிலேயே உயிர் பிரிந்து மௌத்தாகிப் போனாள். அதற்குப் பிறகுதான் பெட்டிசம் எழுதுகிறவரைப் பிடித்து, எங்கள் ஊரில் பிள்ளைப்பேற்றுக்கு ஓர் அறை வேண்டும் என்று அரசாங்கத்துக்கு எழுதிப் போட்டோம். ஊர் தன் பங்கைக் காட்டட்டும், மிச்சத்தைத் தருகிறோம் என்று பதில் வந்தது.

ஊர்ப் பங்குக்குப் பிடி அரிசி சேர்த்தோம். உலை வைக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிடுவாள் வீட்டுக்காரி. வெள்ளி தோறும் நான் போய் வாங்கி வருவேன். புருசன் கடலிலிருந்து வெறுங்கையோடு வந்த நாளிலும் போட்டவர்கள் உண்டு. சேர்ந்த மூட்டைகளைப் பள்ளிவாசலை நடத்துகிற மரைக்காரின் வீட்டில் வைத்தோம். ஊர்க் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர், எங்களுக்கெல்லாம் அண்ணன் முறையில் காக்கா.

அதிகாரி ஊர்ப் பங்கைப் பார்க்க வருகிற நாள், நான் போகும்போதே முற்றத்தில் கிடாரங்கள் கொதித்துக்கொண்டிருந்தன. மூட்டைகள் இருந்த மூலையில் வெறும் சாக்குகள். பெரிய மனிதர் வருகிறார், சோறு கொடுக்காமல் அனுப்பினால் ஊருக்கு மானக்கேடு என்றார்களாம். ஒருவருக்கு ஆக்கினால் கமிட்டிக்கும் ஆக்க வேண்டும். கமிட்டிக்கு ஆக்கினால் அவர்களுடைய மச்சான்மாருக்கும் ஆக்க வேண்டும்.

நூறு வீட்டு அரிசி. சிவப்பும் வெள்ளையுமாய்ப் பாதி குழைந்து, பாதி வேகாமல் கிடந்தது. அதன்மேல் நெய்யை ஊற்றி, ஆறு பேருக்கு ஒரு சஹன் தட்டாகச் சுற்றியிருந்து தின்றார்கள். முழங்கை வரை வழிந்த நெய்யை நக்கினார்கள்.

அதிகாரி கை கழுவி வந்து, ஊர்ப் பங்கு எங்கே என்று கேட்டார். மரைக்காருக்கு ஏப்பம்தான் வந்தது.

பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னால் நின்று நான் சொன்னேன்: "துரை, அதத்தான் இப்ப சாப்பிட்டீங்க."

மரைக்கார் திரும்பினார். "புள்ள, பெரிய மனிசர் கதைக்கிற இடத்தில உனக்கென்ன கதை? உள்ளுக்குப் போ."

"உள்ளுக்குத்தான் நிக்கிறன் காக்கா. பொண்டுகள்ற அரிசிதான் வெளிய வந்திட்டுது."

அதிகாரி தன் கையைக் குனிந்து பார்த்தார். அறைக்கான கடதாசியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். அதில் கையெழுத்து விழவில்லை.

அடுத்த வெள்ளியே நான் மறுபடியும் இறங்கினேன். இந்த முறை அரிசி வேண்டாம், நெல்லாகத் தாருங்கள் என்றேன். நெல்லை அவிக்கவும் காயவைக்கவும் குத்தவும் புடைக்கவும் பெண்களின் கை வேண்டும். ஒருத்தியும் உலக்கையைத் தொடமாட்டோம் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். அதே மரைக்கார் வீட்டில், அதே மூலையில், மூட்டைகள் கூரை தொட நின்றன. இன்னொரு பெரிய மனிதர் வந்தார். மூட்டைகளை எண்ணிக் கையெழுத்து வைத்துவிட்டு வெறும் தேத்தண்ணியோடு போனார்.

அறை வந்தது, இரண்டு வருசம் பிந்தி. திறக்கிற அன்று மரைக்கார்தான் முன்னுக்கு நின்றார். அந்த இரண்டு வருசத்துக்குள் பிள்ளை வலியோடு வண்டியில் போய்த் திரும்பாத மூன்று பெண்களின் வீடுகளிலும் நான் பிடி அரிசி வாங்கியிருக்கிறேன். இன்றைக்கும் நெய்ச்சோற்று வாசம் வந்தால் எழும்பிப் போய்விடுவேன்.