இரட்டைத் தாடை

பேனா வரைபலகைமேல் எறும்பாக ஊர, கணினித் திரையில் ஒரு மடிப்பு கரைந்துகொண்டிருந்தது. எத்தனையோ மாப்பிள்ளைகளின் இரட்டைத் தாடையைக் கரைத்த போட்டோக்காரரின் கை அது; தூக்கத்தில்கூடத் தன் வேலையைப் பார்க்கும். ஆனால் இப்போது திரையில் இருந்தது மாப்பிள்ளை அல்ல, புதிதாகக் கட்டிய இசை அரங்கம்.

படுக்கை விரிப்பை உதறி அப்படியே உறையவைத்த மாதிரி வெள்ளைக் கான்கிரீட். நடுவில் ஒரே ஒரு ஆழமான மடிப்பு. அதற்காகவே பிறவி எடுத்ததாக ஆர்க்கிடெக்ட் பேட்டிகளில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இது பாஸ்போர்ட் போட்டோ இல்ல, கலை," என்று சொல்லித்தான் வேலையை ஒப்படைத்தார். "டச்சப் கூடாது. ஆளும் கூடாது, கட்டடம் கெட்டுடும்." ஊரே வந்து உட்காரக் கட்டியதில் ஆள் கூடாதாம். போட்டோக்காரர் தலையாட்டிவைத்தார். படம் நுழைவு மண்டபத்தில் மாட்டப்படும், கீழே அவர் பேர் இருக்கும். ஊரில் பாதி வீட்டுச் சுவரில் தொங்குபவை அவர் எடுத்த படங்கள்தான். ஒன்றிலும் அவர் பேர் கிடையாது.

அச்சாகி வந்த படத்துக்கு அட்டை வெட்ட உட்கார்ந்த மனைவி கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, மடிப்பு எங்க?"

அவர் பார்த்தார். வழவழவென்று முட்டை மாதிரி இருந்தது அரங்கம்.

"கைப்பழக்கத்துல போயிடுச்சு."

"பல்லு இருந்திருந்தா வெளுப்பாக்கியிருப்பீங்க."

அந்த முட்டைப் படத்தைச் சுருட்டி மேஜைக்கு அடியில் தள்ளினார். வெயில் சாய்வாக விழும் காலைக்காகப் பல நாள் காத்திருந்து பிடித்தது அந்த மடிப்பின் நிழல். மடிப்போடு மறுபடி அச்செடுத்து, மூலையில் பென்சிலால் கையெழுத்துப் போட்டார்.

ஆர்க்கிடெக்ட் வந்தார். கிட்டப் பார்த்தார், எட்டப் பார்த்தார், தலையைச் சாய்த்தும் பார்த்தார்.

"பிரமாதம். அந்த மடிப்புதான்… கொஞ்சம் குண்டா காட்டுதோ?"

"அது நீங்க வெச்ச மடிப்பு சார்."

"வெச்சேன், யார் இல்லைன்னாங்க? லேசா குறைச்சுடுங்களேன். செஞ்சது தெரியக் கூடாது."

இதே பேச்சு, இதே குரல். மாப்பிள்ளைகளாவது தங்கள் தாடைக்குப் பேட்டி கொடுத்ததில்லை. மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

போட்டோக்காரர் குனிந்து மேஜைக்கு அடியில் இருந்ததை எடுத்து விரித்தார்.

"அடடா, இதுதான் என் மனசுல இருந்த கட்டடம்," என்றார் ஆர்க்கிடெக்ட். "கையெழுத்துப் போடுங்க. கீழே பேரை எப்படி எழுதணும்னும் சொல்லிடுங்க."

பென்சில் மூலைவரை போனது. அங்கேயே நின்றது.

"இதுக்கு என் பேர் வேணாம் சார்."

"என்ன ஒரு தன்னடக்கம்!"

போட்டோக்காரர் திருத்தவில்லை. கையெழுத்துப் போட்ட படத்தை மனைவி வாங்கி, சுவரில் பாஸ்போர்ட் மாதிரிகளுக்கு நடுவே இடம் தேடினாள். அவர் முட்டையை மெல்லிய தாளில் பதமாகச் சுற்றி, நூல் கட்டி, இரண்டு கையாலும் நீட்டினார்.