செம்பில் ஏறிய இரும்பு

அரக்கோணம் சாலையிலுள்ள லேத் பட்டறைக்குள் நுழைந்ததும், கையிலிருந்த செம்புத் துண்டால் அதன் உரிமையாளரின் நெற்றியில் அடித்தேன். புருவம் பிளந்து இரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. கல்லூரியில் இயற்பியல் கற்பித்த காலம் முழுவதும் ஒரு மாணவனைக்கூட நான் கைநீட்டி அடித்ததில்லை. இதைப் பிறர் வாய்வழியே ஊர் அறிவதைவிட, நானே எழுதிவிடுவது முறை.

ஓய்வுக்குப் பின்னும் ஆராய்ச்சியை நான் விடவில்லை. இரும்பு துளியும் இல்லாத ஒரு படிகம், குளிரூட்டினால் காந்தமாகிறது என்று கட்டுரை எழுதி, பலரும் மறுத்த பின்னும் அதை வலியுறுத்தி வந்தேன். அந்தக் காந்தம் எங்கிருந்து பிறக்கிறது என்று காட்டவே எக்ஸ் கதிர்ச் சிதறல் சோதனைக்கு வட இந்தியா சென்றேன். கதிரின் ஆற்றலை ஒரு தனிமத்திற்கென்று சரியாக அமைத்துவிட்டால், சிதறி வரும் கதிரில் அந்தத் தனிமத்தின் காந்தம் தனியே தெரியும். படிகத்தின்மீது பட்ட கதிர் எதையும் காட்டவில்லை. படிகத்தைத் தாங்கிய செம்புத் துண்டின் மூலைக்குக் கதிரை நகர்த்தி, இரும்புக்குரிய ஆற்றலில் வைத்தபோது, திரையில் கோடு செங்குத்தாக எழுந்தது; செம்பில் இரும்பு இருந்தது. கட்டுப்பாட்டு அறையில் யாரோ சிரித்தார். இரண்டு நாள் ரயில் பயணத்திலும் அந்தச் சிரிப்பு என்னை விட்டு நீங்கவில்லை.

தாங்கியைக் கடைந்து கொடுத்தவர், நான் அடித்த இந்த லேத் பாய். எப்போதும் "நீங்க, வாங்க" என்றே பேசிய என் வாய் அன்று ஒருமையில் இறங்கியது.

"பழைய சரக்கை என் தலையில கட்டிட்ட. செம்புல இரும்பு கலந்திருக்கு."

அவருடைய தம்பி என் சட்டையைப் பிடித்து லேத்தோடு சேர்த்து மோதினான். மூக்குக் கண்ணாடி காலடியில் நொறுங்கியது. "வாத்தியாராம் வாத்தியாரு. வயசாச்சேன்னு பாத்துகினு இருக்கேன், இல்லன்னா பல்லு கைல வந்துடும்."

தேய்ந்த விசைத்தறி ஷாஃப்டைச் சரிசெய்ய வந்திருந்த அம்மையார்குப்பத்துக்காரர் மெல்ல எழுந்தார். "பாய், நம்ம ஷாஃப்ட்டக் குடுத்துடு. வேற எடத்துல பாத்துக்கறேன்."

பாய் அவரைத் தடுக்கவில்லை. கைத்துணியால் கண்ணை அழுத்திக்கொண்டு, கீழே விழுந்திருந்த செம்புத் துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார்.

"லேத்துல வர்ற கோடு வட்டமா இருக்குங்க சார். இந்த மூலையில குறுக்கால போவுது பாருங்க. இது அரம் இழுத்த கோடு. செம்புக்குன்னு தனி டூல் வச்சிருக்கேன், நீங்க சொல்லித்தான். நான் அரமே போடல."

நான் வெளியேறி வீட்டுக்குப் போனேன். சோதனைக்குப் புறப்பட்ட அன்று, துடைக்கும் பஞ்சு அந்த மூலையில் சிக்குகிறதே என்று வீட்டு அரத்தால் தேய்த்தவன் நான்தான். அரிவாள்மனை தீட்டும் அரம் அது. அதன் பற்களில் காந்தத்தை வைத்தபோது கரிய தூள் முள்முள்ளாக நிமிர்ந்து நின்றது.

உண்மையை மறைத்து மூன்று நாள் வீட்டிலேயே இருந்தேன். பாயிடம் கலப்படச் சரக்கு என்று பள்ளிப்பட்டு வரை பேச்சுப் போய்விட்டதாகவும், பம்பு வேலைகள்கூட அவருக்கு வருவதில்லை என்றும் கேள்விப்பட்டேன். நான்காம் நாள் அம்மையார்குப்பம் சென்று அந்தத் தறிக்காரரை அழைத்துக்கொண்டு நண்பகலில் பட்டறையில் நின்றேன்.

"இரும்பு என் வீட்டு அரத்துடையது. தேய்த்தது நான். பாய் மேல் குற்றமில்லை."

சொல்லி முடிப்பதற்குள் தம்பியின் அறை என் கன்னத்தில் விழுந்தது. உதடு கிழிந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது. நான் கையை உயர்த்தவில்லை.

"வுட்றா," என்றார் பாய். புருவத்தில் தையல் போட்டிருந்தது. "அரத்த எட்துகினு வந்தீங்களா சார்?"

கொடுத்தேன். மேசையில் பொருத்திய வைஸின் தாடைகளுக்கிடையில் இறுக்கி, சம்மட்டியால் ஒரே அடி அடித்தார். அரம் இரண்டாகத் தெறித்து, ஒரு துண்டு சுவரில் மோதி என் காலருகே விழுந்தது.

தறிக்காரர் தம் ஷாஃப்டை மறுபடியும் மேசைமேல் வைத்தார்.

"புதுத் தாங்கி ஒன்று வேண்டும், பாய்," என்றேன்.

"வேற எடத்துல பாத்துக்கோங்க சார்," என்று சொல்லிவிட்டு, பாய் ஷாஃப்டை லேத்தில் மாட்டி இயந்திரத்தை ஓட்டினார்.