இங்கிலீஷில் ஓர் ஆய்வேடு எழுதினேன்

முனைவர் பட்ட ஆராய்ச்சி என்பது, தமிழில் நன்றாகத் தெரிந்த ஒன்றை இங்கிலீஷில் அரைகுறையாகத் தெரிந்ததுபோல் எழுதிக் காட்டுகிற தொழில்.

இதை வாசிக்கிறவர்களில் எத்தனை பேர் அதில் மாட்டிக்கொண்டீர்களோ, தெரியாது. மாட்டியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தபால்காரர் தடித்த கவரோடு வாசலில் நின்றாலே, திருத்தத் திரும்பி வந்த அத்தியாயமோ என்று பின்கட்டுக்கு ஓடுவோமே, அது போதும். எண்பதுகளில் தருமபுரியில் ஒரு கல்லூரியில் பொருளியல் நடத்திக்கொண்டிருந்தேன். நல்லம்பள்ளிப் பக்கத்து விவசாயக் குடும்பம் எங்களுடையது. பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழ் மீடியம். கல்லூரியில் இங்கிலீஷ் நோட்ஸை மனப்பாடம் செய்து ஒப்பித்தே எம்.ஏ. வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டேன். சித்தேரி மலையில் விளைகிற சாமையும் தினையும் எப்படிச் சந்தைக்கு வருகின்றன என்று ஆராயப் பதிவு செய்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இதற்கு நோட்ஸ் கிடையாது, நானேதான் எழுத வேண்டும்!

பெரிய வார்த்தைகள்

என் வழிகாட்டி சேலத்தில் இருந்தார். மெலிந்த மனிதர். குரலை உயர்த்தவே மாட்டார், அதனாலேயே அவரிடம் பயம் அதிகம். முதல் அத்தியாயத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். தொப்பூர் கணவாய் வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப, ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். உள்ளே எனக்குத் தெரிந்த பெரிய வார்த்தைகளையெல்லாம் அடுக்கியிருந்தேன். பக்கத்துக்கு ஒரு 'அன்டவுட்டட்லி', பத்திக்கு ஒரு 'நீட்லெஸ் டு சே'. சாமை விவசாயிகள் ஏழைகள் என்பது 'கிரிஸ்டல் கிளியர்' என்றுகூட எழுதியிருந்தேன்.

அவர் சிவப்புப் பேனாவைத் திறந்தார். 'அன்டவுட்டட்லி'யை ஒரு கோட்டில் அடித்துவிட்டு மேலே 'மே' என்று எழுதினார். இருக்கக்கூடும் என்கிற 'மே'. ஆராய்ச்சிக்காரர் எதையும் அடித்துச் சொல்லக் கூடாதாம். கையில் சான்று எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் வாயைத் திறக்கலாமாம். பக்கம் முழுக்கச் சிவந்துகொண்டே வந்தது. நான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் மூடியைப் போட்டுவிட்டு, மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, இது ஆராய்ச்சிங்களா, இல்ல மந்திரி வர்றப்ப வாசிக்கிற வரவேற்பு மடலா?"

கேள்வித்தாள்

அடுத்தது கேள்வித்தாள். வெளிநாட்டு ஆராய்ச்சிப் பத்திரிகைகளைப் பார்த்து இங்கிலீஷில் தயாரித்தேன். வழிகாட்டி அதைச் சரி என்றார். அந்தச் சந்தோஷத்தில் வரிக்கு வரி தமிழாக்கி எடுத்துக்கொண்டு சித்தேரிக்கு பஸ் ஏறினேன். களத்தில் சாமை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மரியாதையாக நின்றார். நான் தாளைப் பார்த்து வாசித்தேன்: "உற்பத்திப் பொருளின் சந்தைப்படுத்தலைத் தாங்கள் தீர்மானிப்பதில் செல்வாக்குச் செலுத்தும் காரணிகள் யாவை?"

அவர் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். அக்கம்பக்கத்துக்காரர்கள் கூடிவிட்டார்கள். இந்த முதல் ஆளே பேசாவிட்டால் மலை முழுக்க யாருமே பேச மாட்டார்களே என்று பட்டது. இன்னும் கொஞ்சம் சத்தமாக, அதே கேள்வியை மறுபடி வாசித்தேன். அவர் ரொம்பத் தயங்கி, என் மனம் நோகாதபடி சொன்னார்: "எங்களுக்கு இங்கிலீசு வராதுங்கம்மா. தமிழ்ல கேளுங்க, தெரிஞ்சதச் சொல்றோம்."

போனது யார்?

ஆய்வேட்டில் நான் என்கிற 'ஐ'யே வரக்கூடாது என்பது வழிகாட்டியின் அடுத்த சட்டம். நான் பார்த்தேன் என்று எழுதக்கூடாது, பார்க்கப்பட்டது என்று எழுத வேண்டும். அட்டைப்பூச்சி ஏறிய காலோடு நான் நடந்ததெல்லாம் 'கிராமங்கள் பார்வையிடப்பட்டன' என்று ஒரே வரியில் அடங்கிவிட்டது. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நான் மலைக்குப் போன நாளெல்லாம் குழந்தைக்குச் சோறு ஊட்டித் தூங்க வைத்தவர் அவர்தான். அந்த அத்தியாயத்தை ஆசையாக வாங்கி, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். முகம் சுருங்கிக்கொண்டே போயிற்று. தப்பு கண்டுபிடித்துவிட்டாரோ என்று நானும் எட்டிப் பார்த்தேன். அவர் கேட்டார்: "எல்லாம் நல்லாத்தான் இருக்குது. ஆனா இதுல நீ எங்கயுமே போகலையே. அப்ப வூட்டுல இல்லாத நாளெல்லாம் எங்க போயிருந்தே?"

இங்கிலீஷ் துறை உதவி

என் இங்கிலீஷைத் திருத்த ஆள் வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். எங்கள் கல்லூரியின் இங்கிலீஷ் துறையில் பரந்தாமன் சார் இருந்தார். மேடையில் இங்கிலீஷ் பேசினால் அருவி மாதிரி கொட்டும். மூன்றாம் அத்தியாயத்தை அவரிடம் கொடுத்தேன். "வச்சிட்டுப் போங்க" என்றார். வாரங்கள் ஓடின. இதற்கிடையில், வழிகாட்டி வருகிற ஜூனோடு ஓய்வு பெறுகிறார் என்று செய்தி வந்தது. அதற்குள் கொடுக்காவிட்டால் வேறு வழிகாட்டியிடம் மாற வேண்டும். என் பாடத்துக்கு அக்கம்பக்கத்தில் வேறு ஆள் இல்லை. மாறினாலும் அவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கு என்று சொல்லக்கூடும்.

பரந்தாமன் சாரிடம் நெருக்கிக் கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம். ஆசிரியர் அறையில் அவர் பக்கத்தில் போய் நின்று, மழை வருமா சார் என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்த நாட்கள் உண்டு. ஒருநாள் அவராகவே ஃபைலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஆவலோடு புரட்டினேன். அத்தியாயத்தில் ஒரு கமாவைக்கூட அவர் தொடவில்லை. பின்னால் செருகி வைத்திருந்த நன்றியுரைப் பக்கத்தில் மட்டும் ஒரு திருத்தம் தெரிந்தது. "என் பேருல ஒரு எழுத்து விட்டுப்போச்சுங்க மேடம், அத மட்டும் சரி பண்ணிட்டேன். மத்ததெல்லாம் உங்க சப்ஜெக்ட், நான் தலையிடக் கூடாது."

யார் எழுதியது?

கடைசியாக ஒரு தடவை சித்தேரிக்குப் போனபோது மழை பிடித்துக்கொண்டது. மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. தருமபுரியில் என் குழந்தைக்குக் காய்ச்சல். சொல்லி அனுப்ப வழியில்லை. தங்க இடம் கொடுத்த வீட்டில், சாமைக் கஞ்சி ஊற்றிக்கொடுத்த அம்மாளிடம் கேட்டேன்: "நல்ல வெலை வர்றப்பக்கூட ஏன் இதையெல்லாம் விக்க மாட்டேங்கறீங்க?" அவர் வெளியே கொட்டுகிற மழையைக் கை காட்டினார். "இந்த மாதிரி ஆச்சுன்னா கடைக்கு அரிசி வராதுங்களே. புள்ளைங்களுக்கு என்ன ஊத்தறது?" பாதை திறந்து வீடு வந்து, குழந்தை நெற்றியில் கை வைத்துப் பார்த்து, சூடு தணிந்திருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் சேறு பட்ட புடவையை மாற்றினேன். அந்தப் படபடப்பு அடங்காமலே, அகராதியைத் திறக்காமல், சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியமாக எழுதினேன். மழை பெய்தால் பஸ் வராது. பஸ் வராவிட்டால் அரிசி வராது. அதனால் அவர்கள் சாமையை விற்பதில்லை.

வழிகாட்டி அந்தப் பக்கத்தைப் படித்தார். பேனா அசையவில்லை. மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு தலையைத் தூக்காமலே, "இத யாரு எழுதிக் குடுத்தாங்க?" என்றார். நான்தான் சார் என்றேன், என் காதுக்கே அது பொய் மாதிரி கேட்டது. அவர் வெள்ளைத்தாள் ஒன்றை என் பக்கம் தள்ளி, அடுத்த பத்தியை அங்கேயே உட்கார்ந்து எழுதச் சொன்னார்.

எழுதினேன். ஈரக் கை பட்டு மை பரவியது. எதிரே அவர் செய்தித்தாள் பக்கத்தைத் திருப்புகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு வார்த்தை மறந்துபோயிற்று. அந்த அம்மாள் கை காட்டிய மழையை மட்டும் நினைத்துக்கொண்டு எப்படியோ பத்தியை முடித்து நீட்டினேன். வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "இப்படி எழுதத் தெரிஞ்சவங்க இத்தன நாளா என்னை ஏம்மா கஷ்டப்படுத்துனீங்க? மத்த அத்தியாயத்தையெல்லாம் இதே மாதிரி மாத்திக்கிட்டு வாங்க."

தட்டச்சு

மாற்றினேன். கோடை விடுமுறை முழுக்க அதே வேலை. தட்டச்சுக்குத் தருமபுரி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஷம்ஷாத் அக்கா. வீட்டின் முன் அறையில் மிஷின் வைத்திருந்தார். அவர் தட்டுகிற வேகத்துக்கு மிஷின் மேசையோடு நகரும். கார்பன் வைத்துப் பல பிரதி அடிக்கிற காலம் அது. ஓர் எழுத்து தப்பினால் அத்தனை பிரதியிலும் சுரண்டித் திருத்த வேண்டும். நல்ல அக்கா, நான் போனால் டீ கொடுக்காமல் விட மாட்டார்.

வழிகாட்டி ஓய்வு பெற இன்னும் சில நாட்களே இருந்தன. அடித்து முடித்த கட்டை அக்கா சந்தோஷமாகக் கையில் கொடுத்தார். முடிவுரையைப் புரட்டினேன். என்னவோ ஒரு மாதிரி இருந்தது. மறுபடி படித்தேன். இருக்கக்கூடும் என்று நான் எழுதிய இடமெல்லாம் இருக்கிறது என்று நின்றது. கொண்டுபோயிருந்த கையெழுத்துப் பிரதியை விரித்து ஒப்பிட்டேன். ஒரு 'மே'கூட மிஞ்சவில்லை. அக்கா டீயை என் முன்னால் வைத்துவிட்டு அன்பாகச் சொன்னார்: "பாத்துட்டீங்களா டீச்சர்? நீங்க எல்லாத்தையும் பயந்து பயந்து எழுதியிருந்தீங்க. நான்தான் அதையெல்லாம் எடுத்துட்டேன். தைரியமாச் சொன்னாத்தானே டாக்டர் பட்டம் குடுப்பாங்க?"

வாய்மொழித் தேர்வு

ஆராய்ச்சிக்கு அந்தப் பயம்தான் வேண்டும் என்று விளக்கியதும், அக்கா கண் கலங்க அத்தனை பக்கத்தையும் திரும்ப அடித்துத் தந்தார். வழிகாட்டி ஓய்வு பெறுவதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்தும் விட்டேன். கொஞ்ச காலம் கழித்து மெட்ராஸில் வாய்மொழித் தேர்வு. என் அப்பா வந்தே தீருவேன் என்று கிளம்பிவிட்டார். வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார். அவருக்கு இங்கிலீஷில் கையெழுத்துக்கூடப் போட வராது. வடக்கேயிருந்து வந்த தேர்வாளர் என் ஆய்வேட்டில் நிறையக் காகிதத் துண்டுகளைச் செருகி வைத்திருந்தார். அவற்றை எண்ணப் பார்த்து, பாதியிலேயே விட்டுவிட்டேன்.

அவர் கேள்வி கேட்பார். நான் அதைத் தமிழுக்குக் கொண்டுவந்து, பதிலை யோசித்து, இங்கிலீஷுக்குக் கொண்டுபோய்ச் சொல்வேன். அதுவரைக்கும் கூடத்தில் ஒரு சத்தம் இருக்காது. ஒரு கேள்வி மட்டும் என்னைக் கவிழ்த்துவிடப் பார்த்தது. சாமையை விற்காமல் வைத்துக்கொள்கிறவர்கள் அத்தனை பேர் இருக்கையில், ஒரு சிலர் மட்டும் ஏன் முழுதாக விற்றுவிடுகிறார்கள்? அப்பாவின் முகம் தெரிந்தது. நல்லதாக நாலு வார்த்தை பூசி மெழுகிவிடலாமா என்று தோன்றியது. "தெரியாதுங்க. அதை நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருக்க வேண்டும்" என்று இங்கிலீஷில் சொன்னேன். தேர்வாளர் தலையை ஆட்டி, அந்தக் காகிதத் துண்டை உருவி எடுத்தார். கடைசியில் பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறோம் என்று அறிவித்தார்கள். கை தட்டினார்கள். வெளியே வந்ததும் அப்பா என்னைத் தனியாக மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய், யாரும் கேட்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அவுரு ஒவ்வொன்னு கேக்கறப்பவும் நீ செத்த நேரம் சும்மாவே நின்னியே பாப்பா, அது தெரியாமயா, மரியாதைக்கா?"

இவ்வளவு பயந்து எழுதிய அந்த ஆய்வேட்டை, படித்தே ஆக வேண்டிய கட்டாயத்தில் இருந்தவர்களைத் தவிர உலகத்தில் ஒருவரும் இன்றுவரை படிக்கவில்லை என்பது அப்போதே தெரிந்திருந்தால், என் இங்கிலீஷ் இன்னும் நன்றாக வந்திருக்கும்.