முதல் காட்சி அந்த வீட்டில்தான்

லோகநாயகி போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். சேந்தமங்கலத்தில் ஒரு வீட்டில் படப்பிடிப்பு. கேமராவோடு வர வேண்டியவர் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. கடைசியில் அவர் எண்ணிலிருந்தே அழைப்பு வந்தது. எடுத்த எடுப்பிலேயே சுடச்சுட இரண்டு வார்த்தை விட்டேன். மறுமுனையில் அவர் கணவர் பெரியசாமி. "டீச்சர், அவ போயிட்டாளுங்க" என்றார். விடியற்காலையில் மாரடைப்பு. நான் திட்டியது அவர் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் இரண்டு மடங்காகத் திருப்பித் தந்திருப்பார்.

அவரோடு வேலை செய்தவர்களுக்கும் அவரிடம் வசவு வாங்கியவர்களுக்கும் இதை எழுதுகிறேன். இரண்டும் ஒரே கூட்டம்தான். நாமக்கல்லில் கல்யாண வீடியோ எடிட்டிங்கும் ஃப்ளெக்ஸ் வேலையும் பார்த்து வந்தவர், எங்கள் சின்ன அமைப்புக்கு எப்படியோ வந்து சேர்ந்தார். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய், விசா சிக்கலில் தடுப்பு முகாம்களில் அடைபட்டுக் கிடப்பவர்களைப் பற்றி வீடியோ எடுத்து உலகத்தின் காதில் போடுவதுதான் எங்கள் வேலை. எழுதுவது நான். எடுப்பதும் வெட்டி ஒட்டுவதும் அவர். பள்ளிக்கூட வேலையை நான் விட்டுப் பல வருடமாகியும் அவருக்கு நான் 'டீச்சர்'தான். அறைக்குள் அவர் பேசினால் தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படி ஒரு குரல்!

நாங்கள் சேர்ந்து செய்த முதல் படம் செந்திலைப் பற்றியது. திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பையன். போர்வெல் ரிக் வண்டியோடு ஆப்பிரிக்காவுக்குப் போனவன். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டார், விசா முடிந்தது, முதலாளி காணாமல் போனார், போலீஸ் வந்து செந்திலை முகாமில் அடைத்தது. வழக்கும் இல்லை, தண்டனையும் இல்லை. எப்போது விடுவீர்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளும் இல்லை. இங்கே அவன் மனைவி கவிதா கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கிக்கொண்டும், அம்மா ராசம்மாள் அவனைத் திட்டிக்கொண்டும் நாளைத் தள்ளினார்கள்.

கவிதாவை ஜன்னலோரம் உட்காரவைத்துப் பேசச் சொன்னோம். பேச்சு பாதியில் அழுகையானது. லோகநாயகி அதை அப்படியே எடுத்து, பின்னணியில் உருக்கமான வயலின் போட்டு, நடுவே செந்திலின் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, தலைக்குப் பின்னால் ஒளி பரவ மெல்லத் தோன்றவைத்தார். பார்த்து நான் தேம்பி அழுதேன். எங்கள் சென்னை அலுவலகத்தில் இருந்தவர்களும் அழுதார்களாம். போன் போட்டுப் பாராட்டினார்கள். அன்று மாலையே வெளியிட வேண்டியது. ஆனால் கல்யாண வீடியோக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பெரியப்பா விட்டுப்போனார், சின்ன அத்தை முகம் தெரியவில்லை என்று பின்னால் சண்டை வரக்கூடாது என்பதற்காக, கொடுப்பதற்கு முன்னால் வீட்டாரிடம் ஒருமுறை போட்டுக் காட்டிவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் லோகநாயகி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு செந்தில் வீட்டுக்குக் கிளம்பினார். நானும் போனேன்.

அக்கம்பக்கமெல்லாம் கூடியிருந்தது. செந்திலின் படம் ஒளியோடு தோன்றியதும் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். ராசம்மாள் எழுந்து நின்றார்.

"ஏனுங்க சாமி, எம் பையன் உசுரோடதான இருக்கறான்?"

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. லோகநாயகியின் கை வருடக்கணக்கில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் அடித்த கை. அதே கறுப்பு வெள்ளை, அதே ஒளிவட்டம். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு படத்தைப் பார்த்தால், யார் வீட்டில் சாவு என்றுதான் கேட்பார்கள். சென்னைக்காரர்களின் பாராட்டைச் சொல்லி லோகநாயகி சமாளிப்பார் என்று நினைத்தேன். அவர் ராசம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்புங்கம்மா. என்ற கை பழக்கதோசத்துல போட்டுருச்சு" என்று சொல்லி, எல்லோர் முன்னாலும் படத்தை அழித்தார். பிறகு, எப்படி எடுத்தால் உங்களுக்குச் சரியாக இருக்கும் என்று கேட்டார். தனக்கு அழுகையே வரவில்லை, கோபம்தான் வருகிறது என்றார் ராசம்மாள். லோகநாயகியின் முகம் மலர்ந்ததே, அதைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். அந்த இடத்திலேயே கேமராவைப் பையிலிருந்து எடுத்துவிட்டார்.

இரண்டாவது படத்தில் கவிதா முட்டை அடுக்கிக்கொண்டே நடந்ததை நிதானமாகச் சொல்கிறாள். கடைசியில் ராசம்மாள் கேமராவை நேராகப் பார்த்து அந்த ஊர் அதிகாரியிடம் பேசுகிறார். "சாமி, எம் பையன் தப்புப் பண்ணியிருந்தா என்ன தப்புன்னு சொல்லுங்க. இல்லீன்னா அனுப்பிச்சு உடுங்க. ஊட்டுல வேல கெடக்குது." அவ்வளவுதான் படம். வயலினும் இல்லை, ஒளிவட்டமும் இல்லை.

சென்னையிலிருந்து போன் வந்தது. கண்ணீரைக் காணோமே, பார்ப்பவர்கள் மனம் எப்படி இளகும் என்று கேட்டார்கள். லோகநாயகி கொடுத்த பதிலை அன்று நாமக்கல்லே கேட்டிருக்கும். "அழுகாச்சியப் பாக்கறவங்க கண்ணத் தொடச்சுட்டு அடுத்த வீடியோவுக்குப் போயிருவாங்க. இந்தம்மா கேள்வி கேக்குதுங்க. கேட்டவங்க பதில் சொல்லித்தான தீரோணும்?"

படம் வெளியானது. அடுத்தடுத்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. போன் ஓயவே இல்லை. அந்த ஊரில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஒரு தமிழர், 'வீட்டில் வேலை கிடக்கிறது' என்ற அந்தப் பேச்சு தன்னைத் தூங்கவிடவில்லை என்று சொல்லி, முகாம் வாசலுக்கே போய் நின்றார். வக்கீலையும் அவரே பிடித்தார். தூதரகத்திலிருந்து எங்களைக் கூப்பிட்டு விவரம் கேட்டார்கள். சில மாதங்கள் இழுத்தது, ஆனால் செந்தில் வந்தான்! கோவை விமான நிலையத்திலிருந்து அவனை நாங்கள்தான் காரில் கூட்டி வந்தோம். வாசலில் நின்ற ராசம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எளச்சுட்டயேடா. கை கால் கழுவிட்டு வா, சோறு போடறேன்" என்றார். கேமரா லோகநாயகியின் மடியிலேயே இருந்தது. ஏன் எடுக்கவில்லை என்றேன். இது அவர்களுடையது என்றார்.

அதன் பிறகு யாரைப் பற்றிய படமானாலும் முதல் காட்சி அந்த வீட்டில்தான். வெட்டச் சொன்னால் வெட்டிவிடுவார். இளம்பிள்ளையில் ஒரு தறிக்காரர் வீட்டில், லோகநாயகி பாடுபட்டு எடுத்த அருமையான காட்சியை வேண்டாம் என்றார்கள். வழி நெடுக என்னிடம் புலம்பித் தீர்த்தார், ஆனால் வீட்டுக்குப் போனதும் வெட்டினார். எல்லோரும் எங்களை மாதிரிப் படம் எடுக்கத் தொடங்கினால் ஊரில் வயலின்காரர்களுக்குப் பிழைப்பு போய்விடும் என்று சிரிப்பார்.

அவர் நினைவாக ஒரு வீடியோ செய்து தரும்படி அமைப்பில் கேட்டார்கள். செய்தேன். அதில் அவர் கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு என்னைத் திட்டுகிறார், டீ குடிக்கிறார், ராசம்மாளோடு சேர்ந்து சிரிக்கிறார். கறுப்பு வெள்ளை கிடையாது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு பழக்கம்தான். அதனால் யாருக்கும் அனுப்பாமல் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு நேராக அவர் வீட்டுக்குப் போனேன்.

பெரியசாமி கண் எடுக்காமல் பார்த்தார். முடிந்ததும், எதையாவது வெட்ட வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். பிறகு கொஞ்சம் யோசித்துச் சொன்னார்.

"சத்தந்தான் பத்தலீங்க டீச்சர். அவ இன்னுஞ் சத்தமாப் பேசுவா."

ஒலியை முழுக்கக் கூட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து போட்டேன். தெருவில் போன இரண்டு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.